ஸ்டூல் வாங்கியாச்சு, உட்கார விட்டாச்சா?

வாசகர் கேள்வி:

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் அப்பா ஆரம்பித்த ஜவுளிக்கடையை மூன்று வருடமாக நான் நடத்துகிறேன். எனக்கு வயது 32. கடையில் 26 பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் 21 பேர் பெண்கள். பாதிப்பேர் உள்ளூர், சித்தூர் பக்கம். மீதிப்பேர் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். போன வருடம் கொச்சியில் மனிதர்களை மையமாக வைத்து நிர்வாகம் செய்வது பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். வந்ததும் திங்கள்தோறும் மீட்டிங் வைத்தேன், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினேன், "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று போர்டு மாட்டினேன். ஆனாலும் ஓணம் முடிந்த ஐந்தே வாரத்தில் ஏழு பெண்கள் நின்றுவிட்டார்கள். கேட்டால் "வீட்டுல சூழ்நிலை சரியில்லைங்க" என்கிறார்கள்.

கடைத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் தாய்மாமா. 30 வருடமாக இருக்கிறார். கொஞ்சம் சத்தம் போடுவார், ஆனால் மனசு தங்கம். காலில் நரம்பு சுருட்டி, கட்டுப் போட்டுக்கொண்டுதான் நிற்பார், அவரே உட்கார மாட்டார். லேட்டாக வந்தால் 50 ரூபாய் பிடிப்போம். ஸ்டூல்களை, கடையில் இருக்கை வேண்டும் என்ற சட்டம் வந்தபோதே வாங்கிவிட்டோம், ஆனால் யாரும் உட்காருவதில்லை, அவர்களுக்குப் பழக்கமில்லை. கஸ்டமர்கள் நாசம் செய்துவிடுகிறார்கள் என்று பாத்ரூம் சாவி கல்லாவில் அப்பாவிடம் இருக்கும். கடைசியாக நின்ற பெண் ஐந்து வருடம் இருந்தவள். சொல்லாமல் நின்றதால் அவளுடைய 12 நாள் சம்பளத்தை மாமா நிறுத்தி வைத்திருக்கிறார். அவளைத் திரும்பக் கூப்பிடலாமா? கடையை எப்படிச் சரிசெய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கேக், போர்டு, மீட்டிங்தான் கண்ணில் பட்டன. மூன்றாவது முறை படித்தபோது பாத்ரூம் சாவி என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதை நீங்கள் ஒரு குறையாக எழுதவில்லை. கடையில் இன்ன பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் முதலில் அதைப் பேச வேண்டும்.

இருபது வயதுப் பெண் ஒருத்தி பாத்ரூம் போக வேண்டுமென்றால், கஸ்டமர்கள் நிற்கிற கல்லாவுக்கு வந்து, உங்கள் அப்பாவிடம் கை நீட்டிச் சாவி கேட்க வேண்டும். முடிந்ததும் திரும்ப அதே கையில் கொடுக்க வேண்டும். அவர் நல்லவராகத்தான் இருப்பார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இருந்தும் அந்தப் பெண் என்ன செய்வாள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். காலையில் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலமும் முக்கால் பாகம் நிறைந்தே இருக்கும். இப்படி அடக்கி வைத்தால் மூத்திரப் பாதையில் கிருமித்தொற்று வரக்கூடும் என்பது உங்களுக்கே தெரியும். நாளைக்குக் கடை திறந்ததும் மூன்று சாவி வெட்டச் சொல்லி, பெண்கள் பை வைக்கிற இடத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள். கஸ்டமர் கேட்டால் ஒரு பெண் எடுத்துக் கொடுக்கட்டும். இதற்கு மீட்டிங் தேவையில்லை, அறிவிப்பும் தேவையில்லை. "உங்களுக்காகச் செய்தேன்" என்று சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் மாநிலத்திலேயே கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பதினைந்து வருடத்துக்கு முன்னால் 'பெண்கூட்டு' என்று ஒன்றுசேர்ந்தபோது முதலில் கேட்டதும் கழிப்பறைதான். தையல் வேலை பார்த்துவந்த விஜி என்பவர் அவர்களைத் திரட்டினார். பிறகு 2014 கடைசியில் திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் 'இரிப்பு சமரம்', அதாவது உட்காருவதற்கான போராட்டம், நடத்தினார்கள். வேலை நேரத்தில் உட்கார விட வேண்டும் என்று கேட்டு, கடைக்கு வெளியே நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். அதற்கெல்லாம் பலனாகத்தான் 2018-இல் கேரளம் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு இடையில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று எழுதியது. தமிழ்நாடு 2021-இல் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஆக, வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் ஒன்றுதான். உங்களிடம் ஸ்டூலும் இருக்கிறது. உட்காருவதுதான் நடக்கவில்லை.

"பழக்கமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், இதை நான் நம்பவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்காருகிற பெண்தானே கடைக்குள் வருகிறாள்? சில வருடங்களுக்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கடை முதலாளி இதே மாதிரிச் சொன்னார். நான் ஒருநாள் மத்தியானம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ட்ரையல் ரூம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்த இரண்டு மணி நேரத்தில் வந்த கஸ்டமர்கள் மூன்று பேர். நின்ற பெண்கள் பதினொரு பேர். சுடிதார் பிட் கவுன்டரில் ஒரு பெண் வலது செருப்பைக் கழற்றி, அந்தக் காலை இடது காலின் மேல் வைத்து மெல்லத் தேய்த்தாள். பிறகு கால் மாற்றித் தேய்த்தாள். அவளுக்குப் பின்னாலேயே ஸ்டூல் இருந்தது, அதன்மேல் நான்கு அட்டைப்பெட்டிகள். மாடிப்படியில் யாரோ இருமினார்கள். செருப்புக்குள் கால் போனது, கை ரேக்கில் ஏற்கனவே மடித்திருந்த புடவையைத் திரும்ப மடிக்க ஆரம்பித்தது. இருமியது வெறும் வாட்ச்மேன்.

உங்கள் கடையில் ஸ்டூல்மேல் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எதுவும் இல்லாமல் காலியாக இருந்தால், இன்னொன்றைப் பாருங்கள்: யாராவது உட்கார்ந்தால் அடுத்த பத்து விநாடியில் என்ன நடக்கிறது? மாமா ஒரு பார்வை பார்க்கிறாரா? "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாரா? சிசிடிவியைப் பார்த்துவிட்டு மேலேயிருந்து போன் வருகிறதா? உங்கள் கடையின் பண்பாடு என்ன என்று என்னைக் கேட்டால், அந்தப் பத்து விநாடிதான் என்பேன். கொச்சியில் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. ஆனால் அதை நீங்கள் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள், தரையில் வேறொன்று நடக்கிறது.

அந்த 'ஒரே குடும்பம்' போர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வார்த்தைமேல் கொஞ்சம் காழ்ப்பு உண்டு. குடும்பத்தில் சாப்பாட்டுக்கு லேட்டாக வந்தால் 50 ரூபாய் பிடிப்பதில்லை. அதே சமயம், குடும்பம் என்று சொல்லிவிட்டால் ஓவர்டைமுக்குக் காசு கேட்கக் கூச்சமாகிவிடும், லீவு கேட்பது நன்றிகெட்ட வேலையாகிவிடும். அவர்களுக்கு வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது, அதற்காகத்தான் உங்களிடம் வருகிறார்கள். போர்டைக் கழற்றி அந்த இடத்தில் வேலை நேரம், சாப்பாட்டு இடைவேளை, வார லீவு, சம்பளத் தேதி, போனஸ் கணக்கு ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுங்கள். போனஸ் என்றதும் ஞாபகம் வருகிறது: எல்லோருக்கும் ஓணத்துக்கே கொடுத்துவிடுகிறீர்களா? வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தீபாவளிக்கு வேண்டியிருக்கும். ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கலாம்.

இப்போது 50 ரூபாய்க் கணக்கு. மாதம் 15,600 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 600, எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 75. பத்து நிமிஷத்துக்கு பன்னிரண்டரை ரூபாய். நீங்கள் பிடிப்பது அதைப்போல நான்கு மடங்கு. வேலை பார்க்காத நேரத்துக்கு அந்த அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். அதற்குமேல் பிடித்தால் அது அபராதம். அபராதம் ஒருவருக்கு ஒரு சம்பள காலத்தில் அவர் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, போடுவதற்கு முன்னால் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், வசூலான பணத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க வேண்டும். 1936-ஆம் வருடத்துச் சம்பளச் சட்டத்திலேயே இருந்த விதி இது, இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. உங்கள் கடையில் பிடித்த ஐம்பதுகள் எங்கே போயின? கல்லாவில் கலந்திருக்கும், இல்லையா? சட்டத்தை விடுங்கள். பஸ் லேட்டானதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? காலையில் வருகிற பஸ் எது, அதற்கு அடுத்தது எது என்று எழுதி வாங்கி, அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் பதினைந்து நிமிஷம் தள்ளி நேரம் போட்டுக் கொடுங்கள். கடை திறந்த முதல் கால் மணியில் யார் புடவை எடுக்க வருகிறார்கள்?

"வீட்டுல சூழ்நிலை சரியில்லைங்க" என்ற பதிலுக்கு வருகிறேன். அந்த வாக்கியம் எனக்கு நெருங்கிய பழக்கம். நான் ஒரு நூற்பு மில்லில் பணியாளர் பிரிவில் இருந்தபோது, வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு ஒரு படிவம் வைத்திருந்தோம். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்று எழுதுவார்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக்கொடுப்பேன். ஒரு வருடம் கழித்து பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அப்படிப் போன ஒரு அம்மாவைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் ஊர்க்கதை பேசிவிட்டு அவர் சொன்னார்: "எங்கப்பன் செத்த காரியத்துக்கு அஞ்சு நாள் லீவு கேட்டனுங்க. ரெண்டு நாள் போதாதான்னு சூப்பர்வைசரு எல்லாத்துக்கும் முன்னால கேட்டாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்." அந்த ஐந்தை இரண்டாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டது நான். சூப்பர்வைசர் வாசித்துக் காட்டினார், அவ்வளவுதான். அந்த அம்மாவின் படிவத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியதும் என் கைதான்.

ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். நன்றாக நிர்வகிக்கப்படுகிற குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. நல்ல தலைமை இருக்கிற இடத்தில் ஏன் இத்தனை தவறு என்று துருவியபோதுதான் விஷயம் புரிந்தது: அங்கே நர்ஸ்கள் பயமில்லாமல் தவறை வெளியே சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். உங்கள் திங்கட்கிழமை மீட்டிங்கில் கடைசியாக யார், என்ன குறை சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் ஞாபகம் வரவில்லையென்றால் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான், ஏழு பேர் போனதற்கு அதற்குப் பிறகு.

மீட்டிங்கை நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் நீங்கள் பேசுவதை நிறுத்துங்கள். சாயங்காலம் டீ நேரத்தில் நான்கு பேராக உட்கார வைத்து (உட்கார வைத்து!) ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் எந்த வேலை ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" முதல் இரண்டு வாரம் "ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். மூன்றாவது வாரம் யாராவது ஃபேன் சுற்றவில்லை என்பார்கள். அது வெறும் ஃபேன் இல்லை, உங்களை ஆழம் பார்க்கிறார்கள். மறுநாள் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால், அதற்கு அடுத்த வாரம் ஃபேனைவிடப் பெரிய விஷயம் ஒன்று வரும். அப்போது உங்களுக்கு வாய் துறுதுறுக்கும்: "அப்படியில்ல, அது ஏன்னா..." என்று விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். முதலாளி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தொழிலாளி காதில் 'வாயை மூடு' என்றுதான் விழும். "சரி, எனக்கு ரெண்டு நாள் குடு" என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ளுங்கள். ரெண்டு நாளில் முடியாதென்றால் முடியாது, ஏன் முடியாது என்று போய்ச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு.

ஒரு விஷயத்தை இந்த டீ நேரத்துக்கு விடக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும், பாலியல் தொல்லைப் புகாருக்கென 2013-ஆம் வருடச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் பணியாளர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்கள் கடிதத்தில் அப்படி எந்தச் சந்தேகமும் இல்லை, நானும் யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் 21 பெண்கள் குடோனுக்கும் மாடிக்கும் போய்வருகிற கடையில் அந்தக் குழு இல்லையென்றால் இந்த மாதமே அமையுங்கள். முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம் என்பதையும் சேர்த்து ஒட்டுங்கள். அதை ஒட்டுகிற முதலாளியைத்தான் பெண்கள் நம்புவார்கள்.

இனி மாமா. இத்தனை நேரம் சுற்றி வந்ததே இங்கே வரத்தான். "மனசு தங்கம்" என்கிறீர்கள். தங்கம் லாக்கரில் இருக்கிறது, பெண்களின் காதில் விழுவது சத்தம்தான். கஸ்டமர் முன்னால் திட்டு வாங்கிய பெண், அதே கஸ்டமருக்கு அடுத்த புடவையை எப்படிச் சிரித்துக்கொண்டே பிரித்துக் காட்டுவாள்?

ஆனால் அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை, உங்கள் கடிதத்தின் ஒரு வரி விடவில்லை. நரம்பு சுருட்டிய காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார், உட்கார மாட்டார் என்று எழுதினீர்களே. நாள் முழுக்க அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, நாளாக ஆக நரம்பு புடைத்துக்கொள்ளலாம். ஜவுளிக்கடையில் வயதானவர்கள் பலர் காலில் இதைப் பார்க்கலாம். அந்த மனிதர் உங்கள் கடைக்குக் காலைக் கொடுத்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு முன்னால் அவரை யாரோ நிற்க வைத்து, உட்கார்ந்தால் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை வேலையின் இலக்கணமாகவே எடுத்துக்கொண்டார். இருபது வயதுப் பெண் ஸ்டூலில் உட்காருவதைப் பார்த்தால், தான் பட்ட பாடெல்லாம் வீண் என்று அவருக்குத் தோன்றாமல் இருக்குமா? மனிதரை மையமாக வைப்பது என்றால் மாமாவும் அந்த மனிதரில் ஒருவர்தான்.

அவரிடம் கடையில் வைத்துப் பேசாதீர்கள். வீட்டில், உங்கள் அம்மா முன்னால் பேசவே பேசாதீர்கள், அக்காள் தம்பிப் பேச்சாகிவிடும். அடுத்தமுறை ஈரோட்டுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அவரை முன்சீட்டில் உட்கார வைத்து, "மாமா, நீங்க கடைக்கு வந்த புதுசுல உங்களை யார் திட்டுவாங்க?" என்று மட்டும் கேளுங்கள். கோயமுத்தூர் தாண்டுவதற்குள் கதை வந்துவிடும். திரும்பி வருகையில், அவர் காலை டாக்டரிடம் காட்டுகிற செலவு கடையினுடையது என்று சொல்லுங்கள். மறுநாள் தளத்தின் நடுவில் முதுகு சாய்கிற நல்ல உயர ஸ்டூலாக ஒன்று போடுங்கள், அது மாமாவுக்கு. அவர் உட்கார்ந்தால் அன்று மத்தியானமே பெண்கள் உட்காருவார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்காது.

இதெல்லாம் செய்தும் சத்தம் நிற்கவில்லையென்றால்? நிற்காமல் போகலாம், முப்பது வருடப் பழக்கம். ஒரு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகு கொள்முதல், ஸ்டாக், குடோன் ஆகியவற்றை மாமா பார்க்கட்டும், அதில் அவரை மிஞ்ச ஆளிருக்காது. தளத்துக்கு மூத்த பெண் ஒருவரைப் பொறுப்பாகப் போட்டு, அதற்குத் தகுந்த சம்பளமும் கொடுங்கள். வீட்டில் இரண்டு வாரம் மனஸ்தாபம் இருக்கும், அதை நீங்கள்தான் தாங்க வேண்டும். கடையை நடத்துகிறவருக்கு அதுவும் ஒரு வேலை. அப்பா எதிர்த்தால் அவரிடம் கணக்கைப் பேசுங்கள். எந்த ரேக்கில் எந்த செட்முண்டு, எந்தக் கல்யாண வீட்டுக்கு எந்த விலை என்று ஐந்து வருடம் இருந்தவளுக்குத் தெரிந்தது, புதிதாக வருகிற பெண்ணுக்குத் தெரிய எத்தனை மாதம் ஆகும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். வியாபாரிக்கு அது புரியும்.

கடைசியாக, அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கூப்பிடாதீர்கள். முதலில் 12 நாள் சம்பளத்தைக் கொடுங்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. சொல்லாமல் நின்றாள் என்பதற்காகச் செய்த வேலைக்குக் கூலி இல்லை என்று ஆகாது. கணக்கை ஒரு தாளில் எழுதி, இதுவரை அவளிடம் பிடித்த ஐம்பதுகளையும் கூட்டிச் சேர்த்து, கவரில் போட்டு எடுத்துக்கொண்டு நீங்களே அவள் வீட்டுக்குப் போங்கள். வேலைக்கு வா என்று கேட்காதீர்கள். காபி கொடுத்தால் குடியுங்கள். அவளாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லாவிட்டாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.

அந்தக் கவரை மட்டும் மாமா கையில் கொடுத்தனுப்பிவிடாதீர்கள்.